சதுர அடி முப்பத்தெட்டு

பழைய ஜன்னலில் கண்ணாடிப் பட்டைகள் இருபத்திரண்டு.
இருபத்தொன்று என்று சொல்ல வேண்டும்:
கீழிருந்து நான்காவது
பிஸ்கட் பெட்டியின் அட்டை.
சாவியை மறந்த நாட்களில்
அதை உருவிக் கைவிட்டுத் தாழ் நீக்கி
என் வீட்டில் நானே திருடியாக நுழைந்திருக்கிறேன்.
மழைக்குப் பிடியை இழுத்தால்
பாதிதான் மூடும்.
மீதிக்குப் பழைய துண்டு.

ஐம்பது வயதுக்குச் சேமநிதி கொடுத்த பணம்.
காரை மாற்றுவோம், ஓடுமே என்றார் முத்தரசன்.
ஜன்னலை மாற்றுவோம், எங்கேயும் ஓடாதே என்றேன்.

ஆ கியோங் வந்தான்.
மேலே டேப் வைத்தான், ஆறடி.
கீழே வைக்கவில்லை.
எல்லா வீட்டுக்கும் ஒரே பிளான்தானே, காக்.

பத்து நாள் கழித்துப் பழையதைப் பெயர்த்துக்
கொண்டுவந்த சட்டத்தைத் தூக்கி நிறுத்தினால்
மேலே சரி,
கீழே ஓர் அங்குலம் நுழையவில்லை.
ரோபிக் மட்டத்தை வைத்துப் பார்த்தான்,
ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்,
உங்கள் வீடு கோணல் என்றான்.
பத்தொன்பது வருடம்
அந்தச் சுவரில்தான் காலண்டர் மாட்டினேன்.
காலண்டர் நேராகத்தான் தொங்கியது.

அன்றிரவு சுவரில்
ஆறடிக்கு நாலடி வெறும் இடம்.
நீலத் தார்ப்பாய் கட்டினார்கள்;
ஒன்பது மணிக் காற்று அதைப் பட்டமாக்கிவிட்டது.
ஜெலுத்தோங் கடலின் சேற்று வாடை
சோபாவில் வந்து உட்கார்ந்தது.
திருடனுக்கும் கொசுவுக்கும் சேர்த்து ஒரே ஆயுதம்:
கொசு பேட்டை நெஞ்சில் அணைத்தபடி
காவல் இருந்தவர்
பத்தரைக்கெல்லாம் குறட்டை.

அப்போதுதான் டார்ச் வெளிச்சம்.
எதிர் வீட்டு மேடம் கோர்.
எங்கள் கேட்டுக்கு முன்னால்
பிளாஸ்டிக் நாற்காலி போட்டு
அவள் கார் இடம் பிடித்த நாளிலிருந்து
ஆறு வருடம் பேச்சில்லை.
இப்போது தலையைச் சுவருக்குள் நீட்டி
முதல் வார்த்தை:
"சத்து காக்கி பெராப்பா?"

நாற்பத்து மூன்று கொடுத்திருந்தேன்.
முப்பத்தெட்டு என்றேன்.
ஏன் வந்தது அந்தப் பொய்?
ஏமாந்தவள் என்று
அவள் மட்டும் நினைக்கக் கூடாது என்று
ஐந்து வெள்ளிக்கு வாங்கிய மானம்.

மறுவாரம் ஆ கியோங் போனில் கத்தினான்.
அக்கா, என்ன விலை சொன்னீங்க, நான் எப்படிப் பிழைப்பது?
கத்திவிட்டு
அவளுக்கு முப்பத்தெட்டுக்கே முடித்துக் கொடுத்தான்.
கொசுவலை இலவசம்.

புது ஜன்னலை நன்றாகத்தான் மாட்டினார்கள்.
பச்சைக் கண்ணாடி, ஒரு விரலில் நகரும்.
நகர்த்தும் ஜன்னல்
பாதிதான் திறக்கும் என்பதை
மாட்டிய பிறகே கவனித்தேன்.
மழை இப்போது படம் மாதிரி பெய்கிறது,
சத்தமில்லாமல்.
துணி நனைந்தது தெரிவதில்லை.

போன வியாழன் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன்.
பழக்கத்தில் கை
நான்காவது பட்டையைத் தேடிப் போய்
கண்ணாடியில் ஐந்து விரல் ரேகை வைத்துத் திரும்பியது.
முத்தரசனுக்கு ஷிப்ட் முடிய மூன்று மணி நேரம்.
எதிர் வீட்டுக் கதவு திறந்தது.
வா, உட்கார்.

பார்லி தண்ணீர். ஐஸ் நான்கு கட்டி.
அவளுடைய முப்பத்தெட்டு வெள்ளி ஜன்னலோரம்
என்னை உட்கார வைத்தாள்.
உனக்கும் அதே விலைதானே என்றாள்.
அதேதான் என்றேன்.
டம்ளரை அப்படியே நிரப்பினாள்.

அங்கிருந்து என் வீட்டை
முதன்முறையாக உட்கார்ந்து பார்த்தேன்.
ஓரத்தில் சிமெண்ட் பூசிய இடம்
மேலே ஒன்றுமில்லை, கீழே போகப் போகப் பட்டை.
ஜன்னல் சாய்ந்திருந்தது போலத் தெரிந்தது.
ஜன்னல் நேர்தான்.
வீடுதான்.