பதினேழாம் எண்

அடிவாரத்தில், சோதனைச் சாவடிக்கு இருநூறடி முன்னால்
புளியமரத்தில் கயிறு கட்டித்
தலைகளைத் தொங்கவிட்டிருக்கிறேன்.
நாற்பத்திரண்டு ஹெல்மெட்.
வாடகை ஐம்பது, முன்பணம் இருநூறு.
பின்மண்டையில் நகப்பூச்சால் எண் எழுதியது என் மகள்.
ஆறும் ஒன்பதும் குழம்பாதிருக்க
ஒன்பதுக்குக் கீழே ஒரு கோடு.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே வந்துவிடுவார்கள்.
"நாத்தமில்லாம ஒண்ணு குடுக்கா."
"கறுப்பு இருக்குதா? ஃபோட்டோவுல நல்லாருக்கும்."
"போலீஸ் நிக்குதா இன்னிக்கு?"
தலைக்குச் சரியாக இருக்குமா என்று
ஒருவரும் கேட்டதில்லை.
காக்கிச் சட்டை நின்றால் எனக்கு வியாபாரம்,
நிற்காத நாளில் ஈ.
ஏறியவர்கள் குப்பனூர் வழியாக இறங்கிவிட்டால்
ஹெல்மெட் அவர்களோடு போகும்,
முன்பணம் என்னோடு நிற்கும்.
அதிலும் எனக்குப் பெரிய நஷ்டமில்லை.

என் ஸ்டூலிலிருந்து பார்த்தால்
இரண்டாம் வளைவு வரை தெரியும்.
சாவடி தாண்டியதும் ஒரு கை மேலே போகும்.
முடி காற்றில் விரியும்.
ஹெல்மெட் முழங்கைக்கு இறங்கும்,
காய்கறிக் கூடை மாதிரி.
பார்த்தும் பார்க்காமல்
அடுத்த ஆளுக்குச் சில்லறை எண்ணுவேன்.
நானே ஆறு வருஷம்
வெறுந்தலையோடுதான் எக்ஸெல்லை உதைத்துக்
கன்னங்குறிச்சிக்குப் போய்வந்தேன்.
"பக்கத்துலதானே" என்று ஓர் ஊர் இருந்தால்
சேலத்தில் பாதிப்பேர் அங்கேதான் குடியிருப்பார்கள்.

தை மாசம், ஒரு திங்கட்கிழமை.
ஏட்டு பதினேழைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.
"உன்னுதா?"
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
கீறலில்லை.
கண்ணாடி உடையவில்லை, வார் அறுபடவில்லை,
நகப்பூச்சுகூட உதிரவில்லை.
பதினான்காம் வளைவாம். பனியாம். எதிரே ஜீப்பாம்.
வண்டி கிடந்த இடத்துக்குப் பத்தடி தள்ளி
காப்பிச் செடிமேல் உட்கார்ந்திருந்ததாம்,
யாரோ பத்திரமாக எடுத்து வைத்ததுபோல.

நோட்டைத் திறந்தேன்.
நவநீதன், தாரமங்கலம். போன நேரம் ஏழு நாற்பது.
வந்த நேரம் என்ற கட்டம் காலி.
"சாமான் வந்துடுச்சுல்ல, கையெழுத்துப் போடு."
போட்டேன்.

அவனுடைய இருநூறு ரூபாய் இன்னும் டப்பாவில் கிடக்கிறது.
கொடுத்துவிட்டு வரலாமென்று இரண்டு தடவை பஸ் ஏறி
ஓமலூரில் இறங்கித் திரும்பிவிட்டேன்.
எதற்கான பணமென்று அந்த வீட்டில் கேட்டால்?

பதினேழைக் கோணிப்பைக்கு அடியில் தள்ளினேன்.

கோடை விழா வாரம்.
பத்து மணிக்குள் நாற்பதும் மலையேறிவிட்டன.
ஒன்று என்னுடையது, இப்போதெல்லாம் அதைத் தருவதில்லை.
வண்டியை அணைக்காமலே ஒருவன் கேட்டான்:
"ஏதாச்சும் ஒண்ணு இருந்தா குடுக்கா,
சாவடி தாண்டற வரைக்கும்தான்."

இதே சொல்லை ஒரு நாளைக்கு இருபது பேர் சொல்வார்கள்.
அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

பதினேழை எடுத்தேன்.
முந்தானையால் துடைத்தேன்.
கையில் கொடுக்காமல்
நானே அவன் தலையில் இறக்கித்
தாடைக்குக் கீழே வாரைச் சொருகினேன்.
டிக்.
மீசை இன்னும் முழுசாக வராத முகம்,
கூச்சத்தில் கோணியது.
"இறுக்குதுக்கா."
"இறுக்கட்டும்."
இதற்கு முன் யார் போட்டிருந்ததென்று அவன் கேட்கவில்லை.
நான் சொல்லியிருக்கலாம்.

முதல் வளைவில் தலையில் இருந்தது.
இரண்டாம் வளைவில் ஒரு கை மேலே போனது,
கண்ணாடியை இறக்கவோ
வாரை அவிழ்க்கவோ.
அதற்கு மேல் மரங்கள்.

போன நேரம் பத்து ஐந்து என்று எழுதினேன்.
முப்பத்தொன்பது திரும்பிவிட்டன.
வெயில் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.
என் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறேன்.

குப்பனூர் வழியாக இறங்கியிருப்பான்.