ஐம்பது போதும்

தீப்பெட்டி அளவுதான் அந்த உறுப்பு.
நெல்வயலில் நட்ட குழாய்க்குள்
தண்ணீரோடு ஏறி இறங்கும் மிதவை.
நீர் மண்ணுக்குக் கீழே ஆறு அங்குலம் போனதும்
சிவப்புத் தலை மறையும். மோட்டாரைப் போடலாம்.
அதற்குத் தெரிந்த அறிவியல் அவ்வளவுதான்.

மன்னார்குடி மாடியறையில்
பிரிண்டரில் எடுத்த மூன்று மிதவைகளும்
கத்திரி வெயிலில் அப்பளமாய் நெளிந்தன.
வார்த்தால்தான் நிற்கும்.
வார்க்க அச்சு வேண்டும், அச்சுக்கு ஆள் வேண்டும்.

"எத்தனை பீஸ் மேடம்?" அம்பத்தூரிலிருந்து.
ஐம்பது.
அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுவது கேட்டது.
"ஐம்பதாயிரம்?"
இல்லை. அரை நூறு.
வைத்துவிட்டார். மரியாதையாகத்தான்.

கோயம்புத்தூர் விலைப்புள்ளி பதினோரு பக்கம்.
எஃகு அச்சு, ஐந்து லட்சம் முறை அடிக்கலாம்,
நான் செத்த பிறகும் அடிக்கலாம்.
கடைசிப் பக்கத் தொகையைப் பார்த்து
ஒரு செம்பு தண்ணீர் குடித்தேன்.

ஷென்சென் பெண் இரவு பதினொன்றுக்குப் பதில் போட்டாள்.
அவள் ஊரில் அப்போது ஒன்றரை; தூங்கவே மாட்டாளோ.
விலை பாதி, சிரிக்கும் பொம்மைகள் மூன்று.
வரைபடத்தில் ஒரு குறையும் இல்லை என்றாள்.
அதுதான் உறுத்தியது.
குறை இருப்பது எனக்கே தெரியும்,
எங்கே என்பதுதான் தெரியாது.

துவாக்குடி சந்தியாகு
நான்கு நாள் பதிலே இல்லை.
ஐந்தாம் நாள் வாட்ஸப்பில் என் வரைபடம்,
டீக்கறையோடு, சிவப்புப் பேனாவில் இரண்டு வட்டம்.
"இங்க சுவர் தடிமன். ஆறும்போது குழி விழும்.
இங்க சரிவே இல்ல, அச்சு பீஸை விடாது. ஒரு டிகிரி குடுங்க.
அப்புறம், சேத்துக் கையோட
இந்தக் கொக்கியைக் கழட்டிப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை.
மறுநாள் போர்செட் வயல் ஒன்றில் இறங்கிப் பார்த்தேன்.
வழுக்கியது. நகம் கிழிந்தது.
வரைந்தவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

பஸ் ஏறினேன். வெண்ணாற்றில் வெறும் மணல்.
மேட்டூர் திறக்க இருபத்தாறு நாள்.

தகரக் கூரை. ஒரே மெஷின், பெயின்ட் உரிந்தது.
சான்றிதழ் மாட்டும் சுவரில் ஒரு பலகை:
பாதி நிரம்பிய மூடிகள்,
விளிம்பு கருகிய குமிழ்,
ஈசல் மாதிரி இறக்கை முளைத்த பல்சக்கரம்,
ஒவ்வொன்றிலும் மார்க்கரில் தேதி.
"ஏன் வச்சிருக்கீங்க?"
"அடுத்த அச்சு வெட்டுறப்ப பாக்கத்தான்."

அலுமினிய அச்சு, ரெண்டாயிரம் தாங்கும்.
"ஐம்பது எதுக்கு, நூறா எடுத்துக்குங்க.
மெஷினை செட் பண்றதுதான் வேலை, அடிக்கிறது இல்ல."
அச்சு யாருக்குச் சொந்தம் என்றேன்.
"உங்களுக்கு. நான் இல்லாட்டியும்
சாவி எதிர் டீக்கடையில இருக்கும்."

எத்தனை நாள்?
"பதினெட்டு."
டீக்கடைக்காரர் டம்ளரை வைத்தபடி
"இருபத்தஞ்சுன்னு வச்சுக்கங்க" என்றார்.
ஜிஎஸ்டி பில்லும் மெதுவாகத்தான் வருமாம்.
வல்லம் தாண்டும்வரை யோசித்தேன்.
பிறகு முன்பணத்தை அனுப்பினேன்,
கட்டைவிரல் ஒருமுறை தயங்கி.

பதினெட்டு போனது. இருபத்தைந்தும் போனது.
மேட்டூரைத் திறந்தார்கள்,
செய்தியில் பூத்தூவினார்கள்.
நான் ஷென்சென் பெண்ணின் பழைய செய்தியை
இரண்டுமுறை திறந்து மூடினேன்.

இருபத்தொன்பதாம் நாள் ஒரு படம்:
தலையில்லாத மிதவை, கொக்கிப் பக்கம் நிரம்பவில்லை,
மேலே அன்றைய தேதி.

போன் போட்டுக் கத்தினேன். கத்தி முடிக்கும்வரை
மெஷின் மூச்சுவிடுவது கேட்டுக்கொண்டிருந்தது.

"தண்ணி இன்னிக்குத்தான் கல்லணைக்கு வந்திருக்கு.
உங்க கடைமடைக்கு வர பத்து நாளாவும்.
எனக்கு மூணு போதும்."