மூடி

திபிலீசியில்
கந்தக வெந்நீர்க் குளியலறைகளுக்கு மேலே
சரிவில் தொற்றி நிற்கும் மரப் பலகணிகள்.
என் கழுத்தில், பாலத்துச் சந்தையில்
எண்பது லாரிக்கு வாங்கிய ஸோர்க்கி.
(லாரி என்பது அங்கே பணத்தின் பெயர்.
கனத்தைப் பார்த்தால் நம் லாரியும் பொருந்தும்.)

கண்ணாடி நடுவே ஒரு மஞ்சள் கட்டம்.
அதற்குள் எல்லாம் இரண்டிரண்டு.
வளையத்தைத் திருகத் திருக
ஒரு தலையணை உறை இன்னொன்றுக்குள் நுழைந்தது,
உதறிக் காயப்போட்டவள் ஒருத்தியானாள்.
சியாலா, என்று கீழிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.
கிளிக்.

அவள் உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்தினாள்.
வேண்டாம் என்கிறாள் போல.
கைகூப்பி நகர்ந்தேன்.

அடுப்புக் கிணற்றுக்குள் பாதி உடம்பைக் கவிழ்த்திருந்த
ரொட்டிக்கடை நுக்ஸார் நிமிர்ந்தார்.
மாவுக் கையால்
அவரும் ஒரு கண்ணைப் பொத்தினார்.
இதுதான் இந்தத் தெருவின் வணக்கமோ?
பதிலுக்கு நானும் பொத்திக் காட்டினேன்.
சிரித்த சிரிப்பில் ஒரு ரொட்டி கருகியது.

கோட்டை, ஆறு, மசூதிச் செங்கல்,
தராசுத் தட்டில் செர்ரி,
பூனைக்குத் தலைவாரும் சிறுமி.
இருபத்தாறு.

லென்ஸைத் துடைக்கத் துணி எடுத்தபோதுதான்
விரலில் தட்டுப்பட்டது மூடி.

பார்க்கும் கண் வேறு, வாங்கும் கண் வேறு.
கையேட்டில் மூன்று முறை படித்திருக்கிறேன்.

மேடேறி ஓடினேன்.
உறைகள் காய்ந்து உள்ளே போயிருந்தன,
கொடியில் கிளிப்புகள் மட்டும்.
இருபத்தேழாவது அதுதான்.

உள்ளே பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.
வேறு எதற்காகவாவதும் இருக்கலாம்.