நூற்றுக்குள்

மண்டியில் என் வேலை எண் எழுதுவது.
பெட்டி அறுநூறு, பெட்டி அறுநூற்று இருபது,
விடியற்காலை நாலு மணிக்கு ஏலக் குரல் எதைச் சொல்கிறதோ அதைக்
கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதுவேன்.
பதினெட்டு வருஷம். எண் என்னிடம் பொய் சொன்னதில்லை.

அதனால்தான் கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரியில்
டாக்டர் ரெஹானா மாத்திரை எழுதியபோது
ரிப்போர்ட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன்.
கெட்ட கொழுப்பு தொண்ணூற்று நாலு.
நூற்றுக்குள் இருந்தால் நல்லது என்று
லேப்காரனே அடியில் அச்சடித்திருக்கிறான்.
"கிட்னிக்குத்தானே வந்தேன்,
நெஞ்சுக்கு எதுக்குங்க மாத்திரை?"

அவர் அந்த எண்ணைப் பார்க்கவேயில்லை.
இன்னொன்றில் பேனாவை வைத்தார்: முப்பத்தொன்று.
சிறுநீரகம் வடிகட்டும் அளவு.
"இது இறங்க இறங்க அங்க ஆபத்து ஏறும்.
கொழுப்புக் கணக்கை மட்டும் பாத்து
உங்களை அனுப்பிட முடியாது.
என்ன வேலை பாக்கறீங்க?"
"தக்காளி மண்டிங்க. ராயக்கோட்டை."
சிரித்துவிட்டார். போன மாதம்
தக்காளியைக் குறைக்கச் சொல்லி எழுதியவர் அவர்தான்.

பஸ்ஸில் கெம்பண்ணன் நினைப்பு.
எங்களிடம் பெட்டி இறக்கியவன்.
வாரம் மூன்று நாள் தருமபுரியில் டயாலிசிஸ்.
ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பான்.
"மொத்தமே நூத்திப் பதினெட்டுடா!
எனக்குக் கொழுப்பே இல்லைன்னு
கவர்மெண்டே எழுதிக் குடுத்திருச்சு,
இனி எவனாச்சும் என்னைக்
கொழுப்பெடுத்தவன்னு சொல்லட்டும்."
ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்,
மறுநாள் ஊசிக்குப் போக வேண்டியவன்,
செருப்பு மாட்டக் குனிந்தான்.
சிறுநீரகத்துக்காக அழத் தயாராக இருந்தோம்.
நின்றது நெஞ்சு.

பாதி வழியில் ரோட்டோரம் தக்காளி கொட்டிக் கிடந்தது.
பெட்டி ஐம்பதுக்கு விழுந்திருந்த வாரம்.
பறிப்புக்கூலி கட்டாமல்
வண்டியோடு கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
மாடு ஒன்று மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

குறைந்த எண் நல்ல செய்தி என்று
ராயக்கோட்டையில் இருந்துகொண்டு
நான் நம்பியிருக்கிறேன்.

ராத்திரி
கௌரம்மா தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றாள்.
அளந்த தண்ணீர், கோடு போட்ட சொம்பு.
மாத்திரை உள்ளங்கையில்
தக்காளி விதையைவிடக் கொஞ்சம் பெரிசு.
"எத்தனை வந்துச்சாம்?"

எந்த எண்ணைக் கேட்கிறாள் என்று
முதல்முறையாக
எனக்குத் தெரியவில்லை.