அலைக்குறி

பாம்பன் வடக்குத் துறை டோக்கன் அறையில்
கணினி இருக்கிறது, வேர்டு இல்லை.
வாங்கித் தருகிறேன் என்ற செயலாளர்
மாற்றலாகி முதுகுளத்தூர் போய்விட்டார்.
வெறும் எழுத்துக் கோப்பு மட்டும் திறக்கும்.
உப்பேறிய விசைப்பலகையில்
ழகரத்தை இரண்டு தடவை குத்த வேண்டும்.
குறிகளுக்கு மட்டும் பழுதில்லை.

வலைக்கண் ஒன்றை அறுத்து வைத்தது போல் #
அது போட்டால் தலைப்பு.
சின்னக் கோடு போட்டால் ஒரு படகு.
இருபுறமும் இரட்டை நட்சத்திரம் போட்டால்
எழுத்து தடித்துவிடும்,
காற்று எச்சரிக்கை என்பதைப் போல.
யாரும் சொல்லித் தரவில்லை,
மீன்வரத்து இல்லாத நாட்களில்
தட்டித் தட்டிப் பார்த்ததுதான்.

கரை திரும்பிய படகுக்கு
இந்தப் பக்கம் இரண்டு அலை,
அந்தப் பக்கம் இரண்டு அலை.

# திங்கள், வடகடல்
- ~~சந்தியாகு~~
- ~~மூன்று தங்கச்சி~~
- ~~முகைதீன் பர்க்கத்~~

அலைக்கு நடுவில் பெயர் மிதந்தால்
ஆள் வீட்டில் குளிக்கிறார் என்று அர்த்தம்.

சூசைமரியான் படகின் பெயர்
இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவில் இருக்கும்.
பெயின்டருக்கு முந்நூறு ரூபாய் கூடக் கொடுத்து
அணியத்தில் எழுதி வாங்கியது.
டோக்கனிலும் அப்படியே வேண்டுமாம்.
"பேருன்னா முழுப்பேரு."
போட்டேன்.
அச்சில் வந்தபோது
நட்சத்திரங்களைத் தின்றுவிட்டு
*வியாகுலம்* சாய்ந்து நின்றது.
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"படகு சாஞ்சு நிக்குது மேடம். நிமித்துங்க."

இரண்டு நாள் ஆனது கண்டுபிடிக்க.
நட்சத்திரத்துக்கு முன்னால்
ஒரு சாய்கோடு கொடுத்தால்
அது எந்த வேலையும் செய்யாது,
சும்மா நட்சத்திரமாக இருக்கும்.
\*வியாகுலம்\*
கோடு தான் சாய்ந்துகொண்டு
பெயரை நிமிர்த்திவிட்டது.
சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
நாலு நண்டு கொடுத்துவிட்டுப் போனார்.

செவ்வாய் காலை பதினொன்றரை.
இரவெல்லாம் வாடை.
நாற்பத்திரண்டில்
நாற்பத்தொன்றுக்கு அலை போட்டு
கோப்பை ராமநாதபுரம் அனுப்பினேன்.

அங்கே புதிதாக வந்த உதவியாளர்
வேறு எதிலோ திறந்திருக்கிறார்.
அவர் திரையில் அலைகள் இல்லை,
ஒவ்வொரு பெயரின் நெஞ்சுக்கும் குறுக்கே
ஒரு நீளக் கோடு.
பதறிக்கொண்டு அழைத்தார்.
"மேடம், நாப்பத்தொரு படகுமா போச்சு?
ஒண்ணே ஒண்ணுதான் தப்பிச்சுதா?"

வேறு நாளென்றால் சிரித்திருப்பேன்.
இல்லை சார் என்றேன்.
தலைகீழாகப் படியுங்கள் என்றேன்.
கொஞ்ச நேரம் அவர் பக்கம் சத்தமில்லை.
பிறகு அந்தப் பெயரை
மெதுவாக, நட்சத்திரத்தை விட்டுவிட்டு,
ஒரு தடவை வாசித்தார்.

பிரிசில்லா ஜன்னலுக்கு வெளியே நிற்கிறாள்.
எண்ணெய் வைக்காத தலை, இடுப்பில் பிள்ளை.
எதுவும் கேட்கவில்லை.
கம்பிக்குள் முகத்தை வைத்துத்
திரையை மேலிருந்து கீழாகப் பார்க்கிறாள்.
"இன்னும் அலை போடலியா?"

விசைப்பலகையின் இடது மூலையில்
எஸ்கேப்புக்கு நேர் கீழே இருக்கிறது அலை.
ஷிப்டோடு சேர்த்து அழுத்தினால்தான் விழும்.
ஷிப்டை மட்டும் அழுத்திக்கொண்டிருக்கிறேன்,
எப்போதிலிருந்து என்று தெரியவில்லை,
விரல் மரத்துப்போய்விட்டது.