உச்சவரம்பு

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
பேச்சு அங்கேதான் தொடங்கியது,
மேலாளர் வரதராசுவின் காருக்குள்,
ஏசியை அணைத்து, கண்ணாடியைப் பாதி இறக்கி.

பின்சீட்டில் என் தம்பி எபினேசர்.
இருபத்தொரு வயது. பதினாலு ஆட்டம், பதினேழு கோல்.
மட்டைப் பிடியில் சுற்றிய டேப்பைப்
பிய்ப்பதும் ஒட்டுவதுமாக இருந்தான்.
முன்சீட்டில் நான்,
சரக்குப் பெட்டக முனையத்தில் எடைச்சீட்டு எழுதுகிறவள்.
பேரம் என் தொழில் இல்லை.
எண்ணில் ஏமாற்றினால் மட்டும் தெரியும்.

"பதினேழுல பத்து பெனால்டி கார்னர்" என்றார்.
"தள்ளிவிட்டவன் ஒருத்தன், நிறுத்தினவன் ஒருத்தன்,
இவன் இழுத்து அடிச்சான். அவ்ளோதானே?"
"அவ்ளோதான் சார்.
அந்த ரெண்டு பேரை மட்டும் வெச்சு
ஒண்ணு அடிச்சுக் காட்டுங்க."

கேட்டுக்கு அடியில் ஆட்கள் குனிந்து போனார்கள்.
தண்ணீர் கேனோடு ஒருவர் சைக்கிளைச் சாய்த்து நுழைத்தார்.
சரக்கு ரயில் வந்தது.
எண்ணத் தொடங்கினேன், பழக்கம்.

எட்டாவது வேகனில் சொன்னேன்: பதினாலு லட்சம்.
அவர் மறுக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.
ஒரு தாளை எடுத்து ஸ்டீயரிங் மேல் விரித்தார்.
இருபத்திரண்டு பெயர், இருபத்திரண்டு தொகை,
அடியில் சிவப்புக் கோடு.
லீக் போட்ட உச்சவரம்பு.
ஒரு ரூபாய் தாண்டினாலும் இரண்டு புள்ளி போகும்.

உச்சவரம்பு.
ஒன்பதாம் வகுப்பில் படித்த சொல், நிலத்தைப் பற்றிய பாடம்.
அதிகம் வைத்திருப்பவருக்குப் போடுவது என்று எழுதி
ஐந்துக்கு ஐந்து வாங்கினேன்.
அணியை வைத்திருப்பவருக்குச் சிமென்ட் ஆலை எத்தனை?
அதற்கு இந்தத் தாளில் கோடு இல்லை.

"பழைய சம்பளம் அஞ்சு, கையில மிச்சம் அஞ்சு.
பத்து இப்பவே தர்றேன். மீதி நாலு?"
பென்சில் மேலே போனது, முதல் பெயருக்கு.
ரப்பர் முனையால் ஏழை அழித்தார்.
இரண்டாம் வேற்றுமையில் அந்த எண்
எப்படி ஒலிக்கிறது, பாருங்கள்.
அந்த இடத்தில் மூன்று என்று எழுதினார்.

சைபுல்லா. கோல்கீப்பர்.
முப்பத்துநாலு வயது, முட்டியில் தகடு,
மகளுக்கு இந்த வருஷம் நர்ஸிங் சீட்.

பெட்டகத்துக்கும் வரம்பு உண்டு.
எடை கூடினால் இறக்குவோம்.
ஏன் என்னை என்று எந்த மூட்டையும் கேட்டதில்லை.

பின்னால் டேப் பிய்க்கும் சத்தம் நின்றது.
எபி ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன்.
சினிமாவில் என்றால் சொல்லியிருப்பான்.
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.
சொல்லவில்லை.
மாடிப்படிக்கு அடியில் ஏழு வருஷம் படுத்தவன்,
அவன் ஏன் சொல்ல வேண்டும்?

"அவருக்குத் தெரியுமா?"
"தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன. தாள் இவ்ளோதாம்மா."

ஐம்பத்தெட்டு. கார்டு பெட்டி. பச்சைக் கொடி.
கேட் தூக்குவதற்குள் பின்னாலிருந்து எல்லா ஹார்னும்.
பதினொன்றரை என்றேன்.
இரண்டு வருஷம் மட்டும், மூன்று கிடையாது,
இருபத்துமூன்று வயதில் திரும்பப் பேசுவோம்.
கால் உடைந்தாலும் முழுச் சம்பளம், எழுத்தில்.
கியரைப் போட்டபடி சரி என்றார்.
ஒன்றரை எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.
எனக்குக் கழிக்கத் தெரியும்.

நாலு நாள் கழித்துக் காலை ஆறு மணி, பெரம்பூர் மைதானம்.
செயற்கைப் புல்லுக்குத் தண்ணீர் அடித்து முடித்திருந்தார்கள்.
ஒப்பந்த நகலைக் கொடுக்கப் போயிருந்தேன்.
எபி இழுத்து அடித்தான், மேல் மூலைக்கு.
சைபுல்லா முட்டியை மடக்காமலே சாய்ந்து
கையுறையால் தட்டினார். பந்து கம்பத்துக்கு வெளியே.
எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.
ஹெல்மெட் கம்பிக்குள்ளிருந்து குரல்:
"இதாடா பதினொண்ணரை லட்சம்?"

யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவரே சிரித்தார்.
பந்தைக் காலால் உருட்டிவிட்டார்.
"இன்னொண்ணு அடி. ஒழுங்கா அடி.
என் ஒன்றரையும் அதுல இருக்கு."

எபி மட்டையை நீட்டவில்லை.
பந்து ஈரத்தில் கோடு இழுத்துக்கொண்டு வந்து
அவன் ஷூவில் முட்டி நின்றது.