கடைவாய்

முருகன்குறிச்சிப் பல் டாக்டர்
சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுக் கேட்டார்:
"ராத்திரியில என்னத்தம்மா அரைக்கீங்க?"

ஒன்றுமில்லை என்றேன்.
பணகுடிக் குழுவில் மூணு தவணை பாக்கி
என்றா சொல்வது.

காற்றாலைக்குக் கீழ் அந்த வீடு.
நான் போனால் எமில்டா சிரிப்பாள்.
கேட்கக் கேட்கச் சிரிப்பாணி கூடும்.
'கொழுப்பு' என்று நோட்டில் எழுதியிருந்தேன்.
போன வாரந்தான் பார்த்தேன்,
சிரிக்கிற நேரம் பூராவும்
அவள் விரல் முந்தானையில்
நூல் உருவிக்கொண்டிருந்ததை.
ஓரம் பாதி சல்லடை.

சவுரிமுத்து வேறு மாதிரி.
என் வண்டிச் சத்தம் கேட்டதுமே
அவள் புருஷன் குளிக்கப் போய்விடுவான்.
வசூல் நாளில் மூணு குளிப்பாவது இருக்கும்.

எங்கள் மேனேஜருக்கு
மாசக் கடைசியில் இடது இமை துடிக்கும்.
"பொம்பளைக்குத்தான் சார் இடது நல்லது"
என்று ஆபீஸ் பையன் சொன்னதற்கு
அவர் ஸ்டேப்ளரை எறிந்தார்.
சுவரில் அந்தத் தடம் இருக்கிறது.

இத்தனை பேரையும் கணக்கில் வைத்திருந்தவள்
என்னை விட்டுவிட்டேன்.
"பல்லைக் கடிச்சிட்டு இரு, மார்ச் போயிரும்"
என்று எனக்கு நானே சொன்னதை
உடம்பு அட்சரம் பிசகாமல்
கேட்டிருக்கிறது.

ரெண்டு பல் தேய்ந்து பலகையாம்.
ராத்திரி மாட்டிக்கொள்ள ஒரு உறை,
மூவாயிரத்து இருநூறு.

தவணையாகத் தரலாமா டாக்டர்?

கேட்ட வாயோடு எனக்குச் சிரிப்பு வந்தது.
நிற்கவில்லை.
அவர் என் முகத்தைப் பார்க்காமல்
கையைப் பார்த்தார்.
துப்பட்டா ஓரத்தில் அது
ஒரு நூலைப் பிடித்திருந்தது.